பெண்டுலம் வீட்டுத் திருகல்

தீயணைப்பு நிலையத்தில் மணி அடித்தால் எல்லோரும் எழுந்து ஓடுவார்கள். பெண்டுலம் மட்டும் எழுந்திருக்க மாட்டான். உட்கார்ந்திருந்தால் அல்லவா எழுந்திருப்பதற்கு? வேலைக்கு வந்ததிலிருந்து வீட்டுக்குப் போகும் வரை, வண்டியின் மூக்கிலிருந்து வால்வரை, வாலிலிருந்து மூக்குவரை நடந்துகொண்டே இருப்பான். கடிகாரத்துப் பெண்டுலம் மாதிரி என்று பெயரும் அப்படித்தான் வந்தது. சாப்பாடுகூட நடையில்தான். சீட்டாட்டத்தில் தன் முறை வரும்போது குனிந்து ஒரு சீட்டைப் போட்டுவிட்டு நகர்வான். போகிற வழியில் எல்லோர் கையையும் பார்த்துவிடுகிறான் என்று அவனை ஆட்டத்திலிருந்தே விலக்கி வைத்திருந்தார்கள்.

மணி அடித்து, மற்றவர்கள் நாற்காலிகளை உதைத்துத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் அவன் வண்டிப் படியில் தொற்றியிருப்பான். இதைக் கவனித்த மேலிடம் விழிப்புக்காக அவனுக்கு ஒரு பதக்கம் கொடுத்தது. விழாவில் முதல் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவன் உட்காரவில்லை. பணிவு என்று எல்லோரும் சொன்னார்கள்.

பணிவும் இல்லை, விழிப்பும் இல்லை. பயம். எரிகிற வீட்டுக்குள் நுழையும்போது வராத பயம், ஒரு சாதாரண மர நாற்காலியைப் பார்த்தால் அவனுக்கு வரும்.

விஷயம் இதுதான். உட்கார்ந்திருக்கும் பெண்டுலம் சட்டென்று எழுந்தால், இடது உள்ளங்கால் சுருளத் தொடங்கும். அது முழங்காலுக்கு ஏறும், இடுப்புக்கு ஏறும், கை முதுகுக்குப் பின்னால் போய் யாரையோ தேடும், வாய் காதுப்பக்கம் குடியேறும். ஈரத்துணியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் பிழிகிற மாதிரி உடம்பு திருகிக்கொள்ளும். நாலைந்து மூச்சு விடுவதற்குள் போய்விடும். நினைவு தப்பாது. எல்லாம் கண்ணுக்குத் தெரியும், காதில் விழும். உடம்பு மட்டும் பேச்சைக் கேட்காது. அவர்கள் வீட்டு ஆண்கள் அதைத் திருகல் என்றார்கள். ஏற்கெனவே அசைந்துகொண்டிருக்கிற உடம்பில் திருகல் ஏறாது என்பதும் அவர்கள் கண்டுபிடித்ததுதான்.

பெரியப்பா ஒருவர் நீதிமன்றத்தில் குமாஸ்தா. நீதிபதி உள்ளே வரும்போது எல்லோரும் எழ வேண்டும். முதல் நாளே எழுந்தார், திருகினார். தன்னைக் கேலி செய்கிறான் என்று நீதிபதி அபராதம் போட்டார். மறுநாளிலிருந்து பெரியப்பா காலையில் உள்ளே நுழைந்ததும் தன் இடத்தில் நின்று லேசாக ஆடிக்கொண்டே இருக்கத் தொடங்கியவர், ஓய்வு பெறும்வரை உட்காரவே இல்லை. அவர் நின்ற இடத்தில் கல்தரை இரண்டு பாதங்களாகக் குழிந்துபோனது. தரை கழுவுகிற நாட்களில் அந்தக் குழிகளில் தண்ணீர் தேங்கும், குருவிகள் வந்து குடித்துவிட்டுப் போகும். சித்தப்பா ஒருவர் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி வெடித்ததும் கோட்டிலேயே திருகிக்கொண்டு நின்றார். அது ஏதோ புதுவகைப் பயிற்சி என்று நினைத்து அடுத்த வருடம் எதிர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஓடுவதற்கு முன்னால் அப்படிச் செய்தார்கள். கோப்பையும் அவர்களுக்கே போனது.

மீசை அரும்புகிற வயதில் அப்பா மகனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்: "உடம்புகிட்ட சொல்லிட்டு எந்திரி. பொம்பளைங்ககிட்ட சொல்லாதே." அவ்வளவுதான் பாடம். பெண்டுலம் அந்தப் பாடத்தை ஒரு சொல் பிசகாமல் காப்பாற்றினான். மனைவிக்குத் தெரியாது. அம்மா இல்லாத அவனை வளர்த்து, இன்றும் அவனோடு இருக்கிற அத்தைக்கும் தெரியாது. நிலையத்து ஆபீசருக்குத் தெரிந்தால் சீருடையைக் கழற்றி வாங்கிக்கொண்டு வாசலைக் காட்டிவிடுவார். ஏணி உச்சியில் நிற்கிறவன் திருகிக்கொண்டால் அவனை நம்பி யார் கீழே குழாயைப் பிடிப்பது?

இப்படிப் பயத்தோடு பழகிக் கிடந்தவனுக்கு, பழக்கமில்லாத ஒரு பயம் வீட்டிலேயே வந்து சேர்ந்தது.

பட்டாணிக்கு அப்போது ஆறு மாதம். பெண்டுலத்தின் ஒரே மகள். பிறந்தபோது உருண்டையாக இருந்ததால் அந்தப் பெயர். மனைவி குழந்தையை மடியில் போட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை தன் மழலையில் ஏதோ அவசரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பாதிப் பேச்சில் நிறுத்தியது. கண்கள் ஒரு பக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டன. உதடு ஊதா நிறமாகியது. முதலில் விறைத்து, பிறகு கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

"என்னங்க! இங்க வாங்க! குழந்தையைப் பாருங்க!"

சமையலறையில் நடந்துகொண்டிருந்தவன் வந்தான். எத்தனையோ பேரைப் புகைக்குள்ளிருந்து தூக்கி வந்தவனுக்கு, சொந்தக் குழந்தையை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. அது அடங்கியதும் குழந்தை துவண்டு தூங்கியது. அவன் சுவரில் சாய்ந்தான். கால் நின்றுவிட்டது. 'என்னுடையதுதான். என்னிடமிருந்து இறங்கி, மீசை முளைக்கக்கூடக் காத்திருக்காமல் இவளுக்கு வந்துவிட்டது. எனக்கு நினைவாவது இருக்கும். இவளுக்கு அதுவும் இல்லை.'

அத்தை எட்டிப் பார்த்தாள். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தே ஓய்வு பெற்றவள். எந்தக் கூட்டத்தையும் ஒரு பார்வையில் உட்கார வைப்பாள்.

"பல்லு முளைக்குது. இதுக்குப் போயி ஊரைக் கூட்டாதீங்க."

"பல்லு முளைச்சா உதடு நீலமாகுமா அத்தை?" என்று மனைவி சீறினாள்.

"இந்த வீட்டுல ஆகும்," என்று சொல்லிவிட்டு அத்தை சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

அதற்குமேல் அவளைக் கேட்க வேண்டியவன் பெண்டுலம்தான். ஆனால், தன்னிடம் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறவனுக்கு மற்றவர் முகத்தைத் துருவுகிற தைரியம் வராது.

குழந்தைகளுக்கான நரம்பு டாக்டரம்மா ஒரு மருந்து கொடுத்தார். கேட்கவில்லை. பட்டாணிக்கு வலிப்பு கொத்துக் கொத்தாக வந்தது. மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். ஊரில் உள்ளவர்களின் கண்ணையெல்லாம் அளப்பவள். இப்போது குழந்தையின் கண்ணை விட்டு அவள் கண் நகரவில்லை. பெண்டுலம் வீட்டிலும் நடந்தான், நிலையத்திலும் நடந்தான். தூக்கம் போய்விட்டது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பான். திறந்ததும் வேலை போவது தெரியும்; மனைவி தன் முகத்தைப் பார்க்கப்போகிற பார்வை தெரியும். கொட்டாவி விட்டதாகப் பாவனை செய்து மூடிக்கொள்வான். அந்த நாட்களில் அவன் விட்ட கொட்டாவிகளைப் பார்த்து நிலையத்தில் பாதிப் பேருக்குத் தூக்கம் வந்தது.

இரண்டாம் முறை டாக்டரம்மாவிடம் நாலு பேரும் போனார்கள். சின்ன அறை. ஒரு பெஞ்ச், ஒரு மேசை, அழுகிற குழந்தைகளுக்காக அலமாரி நிறைய மரப்பொம்மைகள். மனைவி குழந்தையோடு நாற்காலியில், அத்தை பெஞ்சில். பெண்டுலம் அந்த நாலடி இடத்தில் நடை போட்டான்.

"உக்காருங்க சார்."

"இருக்கட்டும் டாக்டர். நின்னுக்கறேன்."

"எங்க நிக்கறீங்க? ஊர்வலம் போறீங்க. எனக்குத் தலை சுத்துது. நான் மயங்கி விழுந்தா உங்க குழந்தையை யாரு பாக்கறது? உக்காருங்க."

மனைவியும் திரும்பி முறைத்தாள். அவன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். கால் கட்டைவிரலையாவது அசைத்துக்கொண்டிருக்கலாம் என்றால், பல நாள் தூங்காத உடம்பு, உட்கார்ந்ததும் சாக்குமூட்டையாகிவிட்டது.

"போன தடவை அவசரத்துல கேக்கல. குடும்பத்துல யாருக்காவது கைக்குழந்தையா இருக்கும்போது வலிப்பு வந்திருக்கா?"

"இல்ல," என்றாள் அத்தை. கேள்வி முடிவதற்கு முன்பே சொன்னாள்.

"பெரியவங்க யாருக்காவது கை கால் தானா முறுக்கிக்கிறது, இழுத்துக்கிறது உண்டா?"

"இல்ல," என்றான் பெண்டுலம்.

இரண்டு பொய்களும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்கு மற்றதைத் தெரியாது.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "அப்ப இவளை இங்கேயே சேர்த்துக்கலாம். மயக்க மருந்து கொடுத்துத் தலையைப் படம் எடுக்கணும், முதுகுல ஊசி போட்டுத் தண்ணி எடுக்கணும். மருந்தையும் கூட்டணும். காரணம் தெரிஞ்சா நேரா அதுக்கான மருந்தைக் கொடுத்துடலாம். தெரியலைன்னா ஒண்ணொண்ணாத்தான் போட்டுப் பாக்கணும்."

"இத்தனூண்டு உடம்புல எத்தனை மருந்து டாக்டர் போடுவீங்க?" மனைவி குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

பெண்டுலம் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். 'சொல். இப்போது சொல்.' வாயைத் திறந்தான். அதே நேரத்தில் மனைவியின் மடியில் குழந்தையின் தலை ஒருபக்கமாகத் திரும்பியது. உதடு ஊதாவாகியது.

"டாக்டர்!"

உடம்பிடம் சொல்ல நேரமில்லை. பெண்டுலம் பெஞ்சிலிருந்து அப்படியே பாய்ந்தான்.

பாதி வழியில் திருகல் அவனைப் பிடித்தது. இடது கால் சுருண்டது, கை பின்னால் போனது, அவன் பொம்மை அலமாரி மேல் சரிந்தான். மர வாத்துகள் வரிசையாக அவன் தலைமேல் குதித்தன. அவனுக்கு எல்லாம் தெரிந்தது. டாக்டரம்மா குழந்தையை வாங்கி ஒருக்களித்துப் படுக்க வைத்தது தெரிந்தது. மனைவி குழந்தையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி குழந்தையைப் பார்த்தாள். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நடுவில் நின்றாள். 'என்னைப் பார்க்காதே, அவளைப் பார்' என்று கத்த நினைத்தான். வாய் காதருகில் இருந்தது. மகளும் அப்பாவும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். தன் உயிர் போனால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டான். குழந்தைக்கு இரண்டடி தூரத்தில் இருந்துகொண்டு கையை நீட்ட முடியவில்லை.

அவனுக்கு முதலில் நின்றது. பிறகு குழந்தைக்கும் அடங்கியது.

டாக்டரம்மா குழந்தையின் முதுகைத் தடவியபடி, திரும்பாமலே கேட்டார்: "எவ்வளவு நாளா?"

"மீசை முளைச்சதுலேருந்து," என்றான் பெண்டுலம், வாத்துகளுக்கு நடுவிலிருந்து.

"சட்டுனு எந்திரிச்சா வருமா?"

"ஆமா."

"நினைவு போகுமா?"

"போனாத் தேவலையே டாக்டர். எல்லாம் நல்லாத் தெரியும்."

"அப்ப ஏன் இல்லைன்னு சொன்னீங்க?"

அவன் பதில் சொல்வதற்குள் அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். "உனக்கு இப்படி வரும்னு எனக்குத் தெரியவே தெரியாதேடா! உங்கப்பன் ஒரு வார்த்தை சொல்லலியே! ஆனா நீ கைக்குழந்தையா இருந்தப்ப உனக்கும் இவளை மாதிரியே வந்துச்சுடா. உங்கப்பனுக்கும் வந்துச்சாம். ரெண்டு வயசுக்குள்ள தானா நின்னுடும். ஆம்பளைங்ககிட்ட சொன்னா பயந்துடுவாங்கன்னு நாங்க பல்லு முளைக்குதுன்னு சொல்லிடுவோம்."

ஆண்கள் ஒன்றை மறைத்தார்கள், பெண்கள் ஒன்றை மறைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பாதிகளும் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாட்டிகளுக்குத் தெரிஞ்சதும் தாத்தாக்களுக்குத் தெரிஞ்சதும் ஒரே நோய்ம்மா. ஒரே ஜீன். நீங்க என்ன வேலை பாக்கறீங்க சார்?"

"தீயணைப்பு."

"நல்லதாப் போச்சு. குழாய்ல தண்ணி ஒரேயடியா பீச்சாம இருக்க வால்வு வச்சிருப்பீங்க இல்ல? நரம்பு நுனியிலயும் அப்படித்தான். அங்கேருந்து பக்கத்து நரம்புக்குச் சேதி சொட்டுச் சொட்டாப் போகணும். அளவுக்கு மேல கொட்டாம பிடிச்சு வைக்க ஒரு புரதம் இருக்கு. அதைச் செய்யற ஜீனுக்குப் பேரு பி.ஆர்.ஆர்.டி-2. எல்லாருக்கும் அது ரெண்டு பிரதி, அம்மாகிட்டேருந்து ஒண்ணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணு. உங்க வீட்டுல அந்த ரெண்டுல ஒரு பிரதி கெட்டிருக்கும்னு நினைக்கறேன். அப்ப பாதி வால்வுதான். சும்மா இருக்கறவரைக்கும் பாதியே போதும். திடீர்னு எந்திரிச்சீங்கன்னா கொட்டிடுது."

"இவளுக்கு?"

"இவளுக்கு மூளைங்கிற கட்டடமே இப்பதானே எழும்புது. அதனால வலிப்பா வருது. பெரும்பாலும் ரெண்டு வயசுக்குள்ள நின்னுடும். பின்னாடி உங்களை மாதிரி வரலாம், வராமலும் போகலாம். ரத்தம் எடுத்து உறுதி பண்ணிக்குவோம். ஆனா இதுக்குக் கேக்கற மருந்து ஒண்ணு இருக்கு. பழைய மருந்து. இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம். உங்களுக்கும் அதுதான், ஆனா உங்களுக்கு ரத்த முடிவு வரட்டும்."

"மருந்து கேக்குமா டாக்டர்?" என்றாள் மனைவி.

"கேக்கணும்," என்றார் டாக்டரம்மா. கேக்கும் என்று சொல்லவில்லை. அந்த ஓர் எழுத்து வித்தியாசத்தையும் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் வெளியே வந்தார்கள்.

வராந்தாவில் மனைவி நின்றாள். குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டாள்.

"கல்யாணத்தன்னிக்கு மேடையில ஏன் உக்காரலைன்னு கேட்டேன். என்ன சொன்னீங்க?"

"பேண்ட் இறுக்கமா இருக்கு, கிழிஞ்சிடும்னு சொன்னேன்."

"நான் அதை நம்பினேன்! அன்னியிலேருந்து உங்களுக்கு ஒரு அளவு பெருசாத்தான் பேண்ட் வாங்கிட்டிருக்கேன்! எத்தனை கொத்து வலிப்பு வந்துச்சு இவளுக்கு, நீங்க வாயை மூடிட்டு நடந்துட்டிருந்தீங்களே, அதுக்கு என்ன சொல்லப்போறீங்க?"

அவன் பேண்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பயந்துட்டேன்," என்றான்.

"நானும்தான் பயந்தேன். தனியா." இவ்வளவு சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். அத்தை இருவருக்கும் நடுவில், யாரோடு போவது என்று தெரியாமல், மெதுவாக வந்தாள்.

மறுநாள் அவன் ஆபீசர் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஆபீசர் பெரிய மீசைக்காரர். வெகுநேரம் அந்த மீசையையே தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப நீ விழிப்பா இருந்ததே இல்ல?"

"பயமாத்தான் இருந்தேன் சார்."

"அதுக்கெல்லாம் பதக்கம் கிடையாதே. கிடைச்சா எனக்கே ரெண்டு மூணு வந்திருக்கும்." மீசையை விட்டுவிட்டார். "இதை வச்சுக்கிட்டு ஏணியில ஏறி இருக்கே. எனக்குக் கீழ இத்தனை பேர் இருக்காங்க. கோபமாத்தான் வருது. டாக்டர் சரின்னு சொல்றவரைக்கும் நீ வண்டியில ஏறக் கூடாது. போன் எடு. மணி அடி."

போன் எடுக்கிற வேலை உட்கார்ந்து பார்க்கிற வேலை. பெண்டுலம் நாற்காலியைக் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். நிலையத்தில் எல்லோரும் வந்து அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவன் நடக்காததால் நேரமே நகரவில்லை என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். சுவர்க் கடிகாரமும் அன்றைக்கு நின்றுபோனது.

அவனுக்கு அந்தச் சிரிப்பெல்லாம் காதில் விழவில்லை. போன் ஒலிக்கும்போதெல்லாம் வீட்டிலிருந்துதான் என்று நினைப்பான். எங்கோ வைக்கோல்போர் எரிகிறது என்று யாராவது அலறினால், 'அப்பாடா' என்று சொல்லாமலிருக்க நாக்கைக் கடித்துக்கொள்வான்.

புது மருந்து தொடங்கிய பிறகு பட்டாணிக்கு வலிப்பு வரவில்லை. ஒரு நாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. வந்துகொண்டிருந்தபோது இருந்த பயம் ஒரு விதம். வராமலிருக்கும்போது வேறு விதம். எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாது. மனைவி கண்ணாடிக் கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டாள். அத்தை குழந்தையின் தொட்டிலுக்கு எதிரில், கொட்டகை வாசலில் உட்கார்கிற மாதிரி, யாரையும் உள்ளே விடாத முகத்தோடு உட்கார்ந்தாள்.

அந்த வாரக் கடைசியில், சாயங்கால வெளிச்சம் ஜன்னலில் இருந்தபோது, மூன்று பேரும் குழந்தையைச் சுற்றி இருந்தார்கள். பெண்டுலம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மறைப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்பதால் வீட்டில் உட்காரத் தொடங்கியிருந்தான். மனைவி அவனோடு தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டிருந்தாள்.

பட்டாணி ஏதோ அவசரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தினாள். கண்கள் ஒரே இடத்தில் நின்றன. உதட்டை இறுக்கினாள். கால்கள் விறைத்தன.

மூன்று பேரும் ஒரேயடியாக எழுந்தார்கள். பெண்டுலம் எழுந்த வேகத்திலேயே திருகினான். துணி காயப்போட்டிருந்த கொடிக்கம்பியைத் தோளால் இழுத்து, ஈரத்துண்டுகளும் அளவு பெரிதான தன் பேண்டுகளும் மேலே வந்து விழ, தரையில் சுருண்டான்.

குழந்தையின் வயிறு குலுங்கியது. தோள் குலுங்கியது. உடம்பு முழுவதும் அதிர்ந்தது.

மனைவி தொட்டிலுக்குள் குனிந்தாள். விரலால் அதன் உதட்டைத் தொட்டு நிறம் பார்த்தாள். அத்தை மூச்சை உள்ளே இழுத்தவள் வெளியே விடவில்லை.

"என்ன ஆச்சு?" என்றது துணிக்குவியல், வாய் தன் இடத்துக்குத் திரும்பியதும்.

"பேசாம இருங்க."

"நிறம் எப்படி இருக்கு?"

"சிவப்பா இருக்கா. இருங்க... உங்களைத்தான் பாக்கறா."

அப்போது குழந்தையின் வாயிலிருந்து சத்தம் வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையில் இடறி, விக்கலாகி, மறுபடி கிளம்பி வந்த சிரிப்பு. இத்தனை பெரிய சிரிப்பை அவள் அதற்கு முன் சிரித்ததே இல்லை.

"சிரிக்கறா," என்றாள் மனைவி.

"நல்லாப் பாரு," என்றாள் அத்தை.

"சிரிப்புதான் அத்தை."

"கண்ணு?"

"கண்ணும் சிரிக்குது."

யாரும் நகரவில்லை. மனைவியின் விரல் குழந்தையின் உதட்டருகிலேயே இருந்தது. சிரிப்பு மெல்ல அடங்கியது. குழந்தை மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தியது. அறையில் மூன்று பேரும் கூடவே நிறுத்தினார்கள். பெண்டுலம் ஈரத்துண்டுக்கு அடியில் கண்ணை இறுக மூடிக்கொண்டான். கொடியில் மிஞ்சிய துணியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. இழுத்த மூச்சை வைத்துக்கொண்டு பட்டாணி என்ன செய்யப்போகிறாள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

பட்டாணி மறுபடியும் சிரித்தாள்.